அடிமரத்தில் மூன்று கோடு

கொளஞ்சியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் பெஞ்சு குத்துகிறது, எழுந்தால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு காலத்தில் நெல் மண்டியாக இருந்த அந்த நீளக் கட்டடத்தின் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தான். ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். உள்ளே அவன் மகள் அம்சவள்ளி மணலில் குந்திக்கொண்டு ஒரு குச்சியைக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தாள். போன வாரமும் அதே குச்சிதான்.

இதற்குப் பேர் வைத்தியமாம்! ஊசி இல்லை, மாத்திரை இல்லை, மந்திரித்த கயிறுகூட இல்லை. மணல் கொட்டிய ஒரு கூடம், கூடை கூடையாக விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள், தகரக் கார், மரத்துண்டு, கந்தல் துணி, சாக்பீஸ். பிள்ளைகள் விளையாடும். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். இதற்காகக் கள்ளக்குறிச்சி வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறான் என்று தெரிந்ததும் ஊர் டீக்கடையே சிரித்தது. “எங்கூட்டுப் புள்ளையும் நாள் பூரா தெருவுலதான் வெளாடுது. அதுக்கு இன்னா வைத்தியமா பாக்குறாங்க?” என்று கேட்டார்கள். அவனும் சிரித்து வைத்தான். வேறென்ன செய்வான்? எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்ற இடம் இது.

ஏழு வயதுப் பிள்ளை, புரட்டாசியிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் தின்பாள், தலை வாரினால் காட்டுவாள், அவ்வளவுதான். வீட்டில் விறகுக் கட்டையை எடுத்து வாசற்படிக்குக் குறுக்கே வைத்துவிட்டு அதற்குப் பின்னால் குந்திக்கொள்வாள். யாராவது எடுத்துப் போட்டால் அழுவதில்லை, மறுபடியும் கொண்டுவந்து வைப்பாள். செத்துப்போன அம்மாக்காரி ஆண்டாள்தான் பிள்ளை மேல் வந்து இறங்கியிருக்கிறாள் என்று தெருவே பேசியது. அப்பன் முகத்தை மட்டும் அவள் பார்ப்பதே இல்லை. அவன் பக்கம் திரும்பினாலும் பார்வை கழுத்தோடு இறங்கி அவன் வலது கைக்குப் போய்விடும். அந்தக் கையை அவன் எங்கே கொண்டுபோய் ஒளிப்பான்?

ஏனென்றால் அந்தக் கை செய்த காரியம் அவனுக்குத் தெரியும்.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தபோது கொளஞ்சியப்பனை யாரும் வருந்தி அழைக்க வேண்டியிருக்கவில்லை. படித்த தம்பி வேலையில்லாமல் வரப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து எரிந்த வயிறு அவனுடையது. கோடாலி பிடிப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவனுக்கு நிகர் கிடையாது. கச்சிராயபாளையம் சாலையின் வளைவில் இருந்த புளியமரத்தை ரோட்டுக்குச் சரியான குறுக்காகச் சாய்த்தது அவன்தான். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவனுக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில், மலையடிவாரத்தில் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருந்த ஆண்டாளுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது, வலி முந்திக்கொண்டது. அண்ணன் வேடியப்பன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு வாடகைக் காரைப் பிடித்தான். தங்கச்சியை ஏற்றினான். அம்மா சேலையை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்ட அம்சவள்ளியையும் ஏற்றினான். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத்தான் வண்டி பறந்தது. வளைவில் புளியமரம் கிடந்தது.

டிரைவர் ஒரு பக்கம் ஓட, வேடியப்பன் ஒரு பக்கம் ஆள் கூட்டிவர ஓடினான். திரும்பி வந்தபோது ஆண்டாளும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை. காருக்கு வெளியே அம்சவள்ளி நின்றுகொண்டிருந்தாள். அப்போதே அவள் வாய் மூடியிருந்தது.

வெட்டியது யார் என்று கேட்டதற்கு வேறு ஊர்க்காரர்கள் என்று சொல்லிவிட்டார்கள். கூட இருந்தவர்களுக்குப் போலீஸ் பயம், கொளஞ்சியப்பனுக்கு அதைவிடப் பெரிய பயம். எழவு வீட்டில் எல்லோருக்கும் நடுவே நின்று வேடியப்பன் கத்தினான்: “அந்த மரத்த வெட்டுனவன் எவன்னு மட்டும் தெரியட்டும்! மணிக்கட்டோட அவன் கைய எடுக்கல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!” கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வேறெப்படி இருப்பான் என்று எல்லோரும் அவனுக்காக அழுதார்கள். அந்த அழுகையை வாங்கிக்கொண்டு அவன் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

அன்றிலிருந்து அவன் மண்டையைக் குடைவது ஒரே கேள்விதான். பிள்ளைக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிய வழியே இல்லையே! வெட்டும்போது அவள் அங்கே இல்லை. பிறகு ஏன் கையையே பார்க்கிறாள்?

அம்சவள்ளி முன்னெல்லாம் அவன் காலையே சுற்றுகிற பிள்ளை. வெட்டு வேலைக்குப் போனால் கூடவே வருவாள். மரத்தைச் சாய்த்ததும் அடிமரத்தில் மூன்று விரலால் சுண்ணாம்பைத் தொட்டு மூன்று கோடு இழுப்பான். அதே மரத்துக் கொழுந்து ஒன்றைக் கிள்ளி மேலே வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டுத்தான் கோடாலியைத் தோளில் போடுவான். அவன் அப்பனும் அப்படித்தான் செய்வான். ஊரில் வேறு எவனும் செய்வதில்லை. “மரத்துக்கிட்ட இன்னாடா மன்னாப்பு கேக்குறியா?” என்று கேலி பேசுவார்கள். சுண்ணாம்பு டப்பாவை நீட்டுவதும் கொழுந்து கிள்ளுவதும் அம்சவள்ளி வேலை. கிணற்றடி வேம்பை வெட்டியபோது கல்லையும் தானே வைப்பேன் என்று அடம்பிடித்தாள். அப்படி இருந்தவள், இப்போது சைக்கிளில் வரும்போது அவனைத் தொடாமல் சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.

இன்றைக்கு வேடியப்பனும் வந்திருந்தான். வராந்தா ஓரமாகக் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு ஒயர் கூடை, அதில் அம்சவள்ளியின் கவுன்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. காலையிலேயே கொளஞ்சியப்பன் வீட்டில் புகுந்து அவனே எடுத்து அடுக்கியது.

“நான் வெச்ச கெடு முடிஞ்சிபோச்சு மாப்ள. இன்னைக்கும் புள்ள பேசலன்னா இப்பிடியே பஸ் ஏத்திக்கினு போய்ட்டே இருப்பேன். மலையில மரவள்ளி போட்டுக்கீறேன், தங்கக் கொட்டா இருக்குது. ரோடே இல்லாத ஊரு. அங்க குறுக்க போட இன்னா கீது?”

“எம் பொண்ணு மச்சான் அவ.”

“எந் தங்கச்சி பொண்ணு. ஒங்கிட்ட இருந்தா அவ பேச மாட்டா. நானும் எத்தினி மாசமா பாத்துக்கினு கீறேன்.” வேடியப்பன் பீடியைத் தரையில் நசுக்கினான். “எவனோ ஒரு பாவி செஞ்சதுக்கு இந்தப் புள்ள வாய மூடிக்கினு கீது. அவன் மட்டும் ஆப்புடட்டும்.”

கொளஞ்சியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மகள் மலை ஏறிவிட்டால் திரும்பி வர மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். எதைச் சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

பெஞ்சின் மறுகோடியில் குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். அதே மறியல் வாரத்தில் குடிசை எரிந்துபோன காலனிக்காரி. அவள் மகனும் உள்ளேதான் இருந்தான். அட்டைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, சிவப்புத் துணியை மேலே போட்டு, ஓ என்று கத்திக்கொண்டு ஓடினான்.

“தெனம் வூட்டக் கொளுத்துறான்” என்றாள் குஞ்சம்மாள், யாரையும் பார்க்காமல். “மொத நாளு நான் அடிக்கப் போயிட்டேன். டீச்சரம்மா வுடல. அவனுக்குப் போதும்னு தோணுற வரைக்கும் கொளுத்தட்டும், நாம பாத்துக்கினு இருந்தா போதும்னாங்க. இப்பப் பாருங்க, ரெண்டு வாரமா கொளுத்துனப்புறம் தண்ணி எடுத்தாந்து ஊத்துறான்.”

குடிசை கொளுத்தப் போன கூட்டத்தில் அவன் இல்லைதான். ஆனால் போனவர்களை அவனுக்குப் பேரோடு தெரியும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடியும் நடக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் டீச்சர் வெளியே வந்தாள். ஞானசௌந்தரி சின்னசேலத்துப் பெண், வெளியூர் போய் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவள். போராட்டத்தில் நொந்த குடும்பங்களுக்குப் போர்வையும் அரிசியும் கொடுத்த தொண்டு நிறுவனம், பிள்ளைகளுக்காக அவளை இங்கே வைத்திருந்தது. எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவள்.

“கொளஞ்சியப்பண்ணே, இன்னைக்கு நீங்க உள்ள வாங்க. எனக்கு ஒண்ணு புரியல” என்றாள். “தெனம் ஆட்டம் ஒரே எடத்துல நின்னுடுது. மரம் விழுது, கார் நிக்குது. அப்புறம் ஏதோ படையல் மாதிரி வெக்கிறா. அம்மாவுக்குப் படைக்கிறான்னுதான் இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன். ஆனா படைச்சத யாராவது மண்ண அள்ளிப் போட்டு மூடுவாங்களா? எதுக்கு மூடுறான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமான்னு பாருங்க. எதுவும் கேக்காதீங்க, கிட்ட உக்காந்தா போதும்.”

“நானும் வர்றேன்” என்று வேடியப்பன் எழுந்தான்.

“நீங்க வாசல்லயே நில்லுங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேர் வந்தா பயந்துக்குவா.”

கொளஞ்சியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மணல் காலுக்குச் சில்லென்று இருந்தது. மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அம்சவள்ளி நிமிர்ந்தாள். பார்வை வழக்கம்போல அவன் கைக்குப் போனது. பிறகு ஆட்டத்துக்குத் திரும்பினாள்.

மணலில் விரலால் இழுத்த ஒரு ரோடு, அதன் மேல் தகரக் கார். காருக்குள் ஒரு பெண் பொம்மையைப் படுக்க வைத்திருந்தாள், பக்கத்தில் ஒரு சின்னப் பொம்மை. குறுக்கே குச்சி, குச்சிக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டு நட்டமாக நின்றது. தலைப்பாகை கட்டிய பொம்மை ஒன்றைக் காரிலிருந்து எடுத்து, ஓடுவது போலத் தத்தித் தத்தி நடத்திச் சுவர் வரைக்கும் கொண்டுபோய் வைத்தாள். அதுதான் மாமன், ஆள் கூட்டிவரப் போகிறான்.

“மாமா தூரமாப் போயிட்டாரு” என்றாள் டீச்சர் மெதுவாக. அவள் வேலை அதுதான், நடப்பதைச் சொல்வது.

அம்சவள்ளி சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எச்சில் தொட்டு, நட்டமாக நின்ற துண்டின் தலையில் மூன்று கோடு இழுத்தாள். பக்கத்தில் கிடந்த முருங்கைக் கொத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளி அதன் மேல் வைத்தாள். கொழுந்து பறக்காமலிருக்க ஒரு பொடிக் கல்லையும் வைத்தாள்.

கொளஞ்சியப்பன் மணலில் கையை ஊன்றிக்கொண்டான்.

ஐயோ! அந்த வளைவில் மரம் சாய்ந்ததும் கூட்டம் அடுத்த மரத்துக்கு ஓடியது. ‘வாடா கொளஞ்சி, சீக்கிரம்’ என்று கத்தினார்கள். அந்த அவசரத்திலும் மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தான். கொழுந்து கிள்ளினான், கல் தேடினான். யோசித்துச் செய்யவில்லை, பழகின கை தானாகச் செய்தது. செய்ததை அவனே மறந்துவிட்டான். எத்தனை மாசமாக உட்கார்ந்து யோசித்தான், இது ஒன்று மட்டும் நினைவுக்கு வரவேயில்லை. காரியம் முடிந்த பிறகு அந்த வளைவுக்குப் போய் நின்றபோதுகூட அடிமரம் வெறுமையாகத்தான் இருந்தது.

ஏன் வெறுமையாக இருந்தது என்பது அவன் கண் முன்னாலேயே நடந்தது. அம்சவள்ளி மறுபடியும் சுவர்ப் பக்கம் பார்த்தாள். அவசர அவசரமாகப் பாவாடை நுனியால் கோடுகளைத் துடைத்தாள். போகாத இடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கொழுந்தையும் கல்லையும் தூர எறிந்தாள். இரண்டு கையாலும் மணலை வாரித் துண்டின் மேல் போட்டு மூடி, தட்டித் தட்டிச் சமமாக்கினாள். அதற்குப் பிறகுதான் மாமன் பொம்மையைச் சுவரிலிருந்து திரும்ப அழைத்து வந்தாள்.

பொம்மை வந்து நின்றதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் அப்பனின் வலது கையில் நிலைத்திருந்தது.

அப்போதுதான் கொளஞ்சியப்பனுக்குப் புரிந்தது. மாமன் திரும்புமுன் அழித்திருக்கிறாள் என்றால், எழவு வீட்டில் கத்தியதை வேடியப்பன் அதற்கு முன்னாலேயே அந்த ரோட்டில் கத்தியிருக்கிறான். ஆள் தேடி ஓடுமுன் அந்த மரத்தின் மேல் நின்றே சபதம் போட்டிருக்கிறான். பிள்ளை அதைக் கேட்டிருக்கிறது, அடிமரத்தைப் பார்த்திருக்கிறது. காருக்குள் அம்மா துடித்துக்கொண்டிருக்கும்போது இது கீழே இறங்கி அப்பன் கையெழுத்தை எச்சில் போட்டு அழித்திருக்கிறது. வாயைத் திறந்தால் எங்கே வெளியே வந்துவிடுமோ என்று அதோடு பேச்சையே மூடிவிட்டது. இவனோ, பிள்ளை கையைக் கண்டு பயப்படுகிறது, பழி சொல்கிறது என்று என்னென்னவோ நினைத்துச் செத்துக்கொண்டிருந்தான். அது அந்தக் கையைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவன் பேசாமல் இருந்துவிடலாம். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, வாசலில் நிற்கிற வேடியப்பனுக்கும் புரியவில்லை. எழுந்து, ‘எனக்கும் தெரியல டீச்சர்’ என்று சொன்னால் தீர்ந்தது. கை பத்திரமாக இருக்கும். பிள்ளை ஒயர் கூடையோடு மலை ஏறிப்போய், யாருமில்லாத காட்டில் ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டு அவனைக் காப்பாற்றும். அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

வலது கையை நீட்டி மணலைத் தள்ளினான். துண்டு வெளியே வந்தது. அம்சவள்ளி பதறிப்போய் மறுபடி மூடப் பார்த்தாள். அவன் அவள் கையை மெல்ல விலக்கினான். சாக்பீஸை விரலில் தேய்த்து, துண்டின் தலையில் மூன்று விரலால் மூன்று கோடு இழுத்தான்.

“அழிக்காத கண்ணு, இது நான் போட்டது” என்றான். வாசல் பக்கம் திரும்பினான். “மச்சான், வளைவுல கெடந்த அந்தப் புளியமரம்… அத வெட்டுனது நான்தான்.”

வேடியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. “இன்னா சொல்ற மாப்ள?”

“எங்கையாலதான் வெட்டுனேன். ஆண்டா வருவான்னு எனக்குத் தெரியாது. அடிமரத்துல எம் மூணு கோட்டப் பாத்துட்டு, எனக்காக எம்புள்ள அத அழிச்சிருக்குது. அதான் பேசல. நீ கைய எடுத்துருவேன்னு சொன்னியே, அதுக்குத்தான் பேசல.”

வேடியப்பன் உள்ளே வந்தான். செருப்போடு மணலை மிதித்துக்கொண்டு வந்தான். அவன் கையில் அரிவாளும் இல்லை, கம்பும் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் அது எதுவும் தேவைப்படாது போலிருந்தது. கொளஞ்சியப்பன் எழுந்திருக்கவில்லை. வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

அம்சவள்ளி பாய்ந்தாள். அப்பனின் வலது கையை இரண்டு கையாலும் இழுத்து மணலில் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முழு பாரத்தையும் போட்டு அழுத்திக்கொண்டாள்.

“வாணாம் மாமா!” குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது. “அப்பா கைய வெட்டாத!”

வேடியப்பன் நடு மணலில் நின்றுவிட்டான். எத்தனை மாசமாகக் கேட்கத் தவித்த குரல்! அது இதற்காகவா வர வேண்டும்? “ஏய்… அம்சா… அது கோவத்துல சொன்னதுடி. கோவத்துல ஆயிரம் சொல்லுவாங்க” என்றான்.

“வெட்ட மாட்டேன்னு சொல்லு.”

அவனால் உடனே சொல்ல முடியவில்லை. செத்தவள் அவன் கூடப் பிறந்தவள். மடியில் போட்டு வளர்த்தவள். அவளைக் கொன்ற மரத்தை வெட்டியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவன் கை மேல் அவள் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. வராந்தாவிலிருந்து குஞ்சம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வேடியப்பன் தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான், இன்னொரு தரமும் அடித்துக்கொண்டான்.

“வெட்ட மாட்டேன்” என்றான்.

“அம்மா மேல?”

“ஆண்டா மேல சத்தியமா வெட்ட மாட்டேன், போதுமா?” அதைச் சொன்னதும் அவனுக்கு அழுகை வெடித்தது. அழுதுகொண்டே கொளஞ்சியப்பனைப் பார்த்தான். “ஒன்ன நான் மன்னிக்கலடா. சாவுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஒன் வூட்டு வாசல மிதிக்க மாட்டேன். புள்ளைக்குச் சொன்ன சத்தியம் வேற, அது வேற.”

கொளஞ்சியப்பன் தலையாட்டினான். அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தான்.

அம்சவள்ளி மாமன் முகத்தை உற்றுப் பார்த்தாள். சத்தியம் நிஜந்தானா என்று பார்த்திருப்பாள். பிறகு மெல்ல எழுந்து அப்பன் கையை விட்டாள். உள்ளங்கை முழுக்க மணல் பதிந்திருந்தது. அதை அவளே தன் பாவாடையால் துடைத்துவிட்டாள்.

“தூக்குப்பா” என்றாள் குச்சியைக் காட்டி.

அவன் குச்சியைத் தூக்கினான். அவள் காரின் பின்னால் முட்டி போட்டு, அதைத் தள்ளத் தொடங்கினாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போவுதா?” என்று கேட்டாள் டீச்சர்.

“இல்ல. அம்மா செத்துப்போச்சு. காரு வூட்டுக்குப் போவுது.”

வேடியப்பன் மூக்கை உறிஞ்சிவிட்டு, பயந்துகொண்டே கேட்டான்: “எந்த வூட்டுக்குடி? மாமா கூட மலைக்கு வர்றியா?”

கார் நின்றது. அம்சவள்ளி மாமனைப் பார்த்தாள். அப்புறம் அப்பனைப் பார்த்தாள், கையை அல்ல, முகத்தை.

“அப்பா தனியா கெடக்கும்ல” என்றாள்.

கொளஞ்சியப்பன் தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். பெண்டாட்டி செத்தபோது வராத அழுகை அது. அம்சவள்ளி அவனைக் கண்டுகொள்ளாமல் காரைத் தள்ளிக்கொண்டு கூடத்தின் கோடிவரைக்கும் போனாள்.

அவர்கள் வெளியே வந்தபோது வேடியப்பன் வராந்தாவில் இல்லை. ஒயர் கூடை கொளஞ்சியப்பனின் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தது, ஆடாமலிருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவன் ஏற வேண்டிய கச்சிராயபாளையம் பஸ் கிளம்புகிற நேரம். கொளஞ்சியப்பன் மகளைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்தான். சைக்கிளை உந்தி ஏறினபோது அவள் சீட்டுக் கம்பியைப் பிடிக்கவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.